அனோரெக்சியா: "எத்தனை வருஷம் ஆச்சு" என்பது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கேள்வியின் சுருக்கம்: குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அக்கா மகளுக்கு 19 வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தவள், இன்றுவரை மீளவில்லை. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 15.8. மாதவிடாய் நின்று இரண்டு வருஷத்துக்கு மேல். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் "நாலு வருஷம் ஓடிருச்சு, இனிமே கஷ்டம்" என்கிறார். இன்னொருவர் "ரத்தம் நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்கிறார். நாளாக ஆக உடம்பும் மனசும் கெட்டுக்கொண்டே போகுமா என்பது கேள்வி.

இரண்டு டாக்டர்கள் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அனோரெக்சியா என்பது எடை ஆபத்தாகக் குறைந்தும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே இருக்கும் மனநோய். இந்த நோயில் எல்லாமே வருஷக் கணக்கில் நடப்பதில்லை. இன்றைக்கு உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை முக்கியமாகச் சொல்வது, எடை எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகமாக இறங்கியது, தானே வரவழைத்து வாந்தி எடுக்கிறாளா என்பவை. எலும்பு, பல், சிறுநீரகம் ஆகியவற்றின் சேதம் காலத்தோடு சேரும். மனசின் கோளாறில் ஒரு பாதி பட்டினியின் நேரடி விளைவு, எடை ஏறினால் அது குறையும். மறுபாதி பழக்கமாக ஊறிப்போனது, வருஷம் ஆக ஆகக் கெட்டிப்படும். இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் என்ன செய்வது என்று தெரியும்.

முதலில் அந்த "நாலு வருஷம்" சரியான கணக்கா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போன தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். நோய் அதற்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ முன்பே வந்திருக்கும். தேதி கண்டுபிடிக்க நல்ல ஆதாரம் தையல்காரரின் அளவு நோட்டு. ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிச் சீருடை தைத்திருப்பீர்கள். ஒரு ஜூனில் மார்பு 32, இடுப்பு 27 என்று இருந்தது அடுத்த ஜூனில் 29, 23 என்று ஆகியிருந்தால் நோய் அந்த இடைவெளியில்தான் தொடங்கியது. கூடவே கடைசி மாதவிடாய்த் தேதி, நடுவில் எடை ஏறி நன்றாக இருந்த மாதங்கள் உண்டா என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். எலும்பைப் பொறுத்தவரை நோய்க்கு எத்தனை வயசு என்பதைவிட, மொத்தம் எத்தனை மாதம் எடை குறைவாகவும் மாதவிடாய் இல்லாமலும் இருந்தாள் என்பதுதான் டாக்டருக்கு வேண்டிய கணக்கு.

இன்றைய ஆபத்துக்கு வருவோம். நாலு மாதத்தில் 15 கிலோ இறங்கிய ஒரு பெண், பி.எம்.ஐ. 19 இருந்தாலும், பல வருஷமாக 15-இல் நிற்கும் பெண்ணைவிட இதயத் துடிப்பு குறைந்து மோசமான நிலையில் இருக்கலாம். நீண்ட நாள் நோயில் உடம்பு செலவைக் குறைத்துக்கொண்டு பழகிவிடும். நாடி மெதுவாகும், ரத்த அழுத்தம் இறங்கும், உடல் சூடு குறையும். வேலூர் மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஃபேனை நிறுத்தச் சொல்லும் பெண்ணைப் பார்த்தால் அது பிடிவாதம் இல்லை. கை கால் விரல்கள் நீலம் பாய்ந்து சில்லென்று இருக்கும். முதுகிலும் முன்கையிலும் பூனை முடி வளரும். தலைமுடி கொட்டும். பழகிப்போன இந்த உடம்பு வெளிப்பார்வைக்கு நிலையாகத் தெரியும், ஆனால் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் தாங்க அதனிடம் இருப்பு இல்லை.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில. விழித்திருக்கும்போது நாடி நிமிஷத்துக்கு 50-க்குக் கீழே இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 40-க்குக் கீழே என்றால் அவசர சிகிச்சை. படுத்திருந்து எழுந்து நின்றதும் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20-க்கு மேல் இறங்குவது, தலை சுற்றி விழுவது, சூடு 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது எல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அறிகுறிகள். இன்னொன்று மிக எளிது: தரையில் குந்தி உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். முடியவில்லை, அல்லது தொடையில் கை வைத்துத் தள்ளித்தான் எழுகிறாள் என்றால் தசை கரைந்துகொண்டிருக்கிறது. உலகம் முழுக்க இந்த நோய்க்குப் பயன்படுத்தும் சோதனைதான் இது.

ரத்தம் நார்மல் என்பது ஏன் ஆறுதல் இல்லை? மிக மோசமான பட்டினியிலும் சோடியம், பொட்டாசியம், புரதம் எல்லாம் சரியாகவே காட்டலாம். உடம்பு தசையையும் எலும்பையும் கரைத்து ரத்தத்தின் அளவுகளைக் காப்பாற்றிக்கொள்ளும். பொட்டாசியம் இறங்கியிருந்தால் வாந்தியோ பேதி மாத்திரையோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சோடியம் இறங்கியிருந்தால் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறாளா என்று. ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இந்த நோயில் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். அது ஏறியிருந்தால் காசநோய், குடல் அழற்சி போன்ற வேறு காரணத்தைத் தேடுவது அவசியம். நம் பக்கத்தில் எடை குறைந்தவர்களுக்கு டி.பி. பார்ப்பது சரியான பழக்கம்தான். ஆனால் டி.பி. இல்லை என்று தெரிந்ததும் விசாரணையை நிறுத்திவிடுவதுதான் தவறு.

தைராய்டு பரிசோதனையில் டி3 என்ற ஹார்மோன் மட்டும் குறைந்திருந்தால் அது பட்டினிக்கு உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு. அதற்குத் தைராய்டு மாத்திரை கொடுத்தால் இருக்கும் எடையும் இறங்கும், இதயத்துக்கும் சுமை. உள்ளங்கை மஞ்சளாக இருந்தால் நம் ஊரில் உடனே மஞ்சக்காமாலை என்று கீழாநெல்லியும் எண்ணெய் இல்லாத பத்தியமும் தொடங்கிவிடுவார்கள். காமாலையில் கண் வெள்ளையும் மஞ்சளாகும். இந்த நோயில் கரோட்டின் சேர்ந்து தோல் மட்டும் மஞ்சளாகும், கண் வெள்ளையாகவே இருக்கும். ஏற்கெனவே சாப்பிடாத பெண்ணுக்குப் பத்தியம் என்பது நோய்க்குக் கிடைத்த லைசென்ஸ்.

எலும்பு விஷயத்தில்தான் காலம் உண்மையிலேயே எண்ணப்படுகிறது. பதின்வயதில் சேரும் எலும்பு அடர்த்திதான் வாழ்நாள் முழுவதற்கும் மூலதனம். 20-களின் நடுவோடு அந்தச் சேர்ப்பு ஏறக்குறைய முடிந்துவிடும். 15 வயதில் நோய் வந்தால் இரண்டு நஷ்டம்: சேர வேண்டியது சேராது, சேர்ந்ததும் கரையும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைவு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் அதிகம், வளர்ச்சிக்கு உதவும் ஐ.ஜி.எஃப்.-1 குறைவு, தசை குறைவு எல்லாம் ஒரே நேரத்தில் எலும்பைத் தாக்குவதால் மாதவிடாய் நின்ற மற்ற பெண்களைவிட இவர்களுக்கு இழப்பு கூடுதல். மாதவிடாய் நின்று 6 முதல் 12 மாதத்துக்குள் எலும்பு அடர்த்தியை அளக்கும் ஒரு டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் இப்போது எடுங்கள். அறிக்கையில் டி-ஸ்கோர் பார்க்காதீர்கள், அது மாதவிடாய் முற்றிலும் நின்ற வயதினருக்கானது. 19 வயதுக்கு இசட்-ஸ்கோர் பார்க்க வேண்டும். மைனஸ் 2-க்குக் கீழே என்றால் வயதுக்கு ஏற்ற அடர்த்தி இல்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று: பீரியட்ஸ் வரவில்லை என்று மகப்பேறு மருத்துவரிடம் போவார்கள், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) என்றோ சும்மாவோ கருத்தடை வகை மாத்திரை எழுதித் தரப்படும். மாதா மாதம் ரத்தம் வரும், வீட்டில் நிம்மதி. அது மாத்திரையை நிறுத்துவதால் வரும் ரத்தம். சினைப்பை இன்னும் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மாத்திரை எலும்பைக் காப்பாற்றவில்லை என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. போதாததற்கு, எடை போதுமானதா என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே இயற்கையான அடையாளத்தையும் அது மறைத்துவிடுகிறது. பதின்வயதினருக்கு ஈஸ்ட்ரோஜன் ஒட்டுப்பட்டை கொஞ்சம் உதவுகிறது, ஆனால் அதைச் சிறப்பு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உண்மையான மருந்து எடையும், தானாகத் திரும்பும் மாதவிடாயும். கால்சியமும் வைட்டமின் டி-யும் துணை. வெயில் இவ்வளவு இருந்தும் நம் பக்கத்தில் டி குறைவு சகஜம், அளந்து பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எலும்பு ஓரளவு மீளும், முழுவதும் மீளுமென்று உறுதி கொடுக்க முடியாது. டெக்ஸா மோசமாக இருந்தால் ஓட்டம், குதிப்பு வேண்டாம். கோட்டை மைதானத்தில் தினமும் பத்துச் சுற்று நடப்பதும், பௌர்ணமிக்குப் போகும் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வாரம் ஒருமுறையாக்கிக்கொள்வதும் பக்தியா நோயா என்று வீட்டில் பேசியாக வேண்டும். ஆடி விரதம், கிருத்திகை விரதம் எல்லாம் அதே கணக்கில்தான்.

வாந்தி எடுப்பவர்களுக்குக் காலம் வேறு இடங்களில் அடிக்கிறது. மேல் பல்லின் உள்பக்கம் எனாமல் கரையும், அது திரும்பாது. வாந்தி எடுத்ததும் பல் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் தேயும். வெறும் தண்ணீரில் கொப்பளிப்பது போதும். கன்னத்தின் இரு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி அம்மைக்கட்டு மாதிரி தெரியும். வருஷக் கணக்கில் பொட்டாசியம் குறைந்தே இருந்தால் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெடலாம். ஆரம்பத்தில் சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்களில் பாதிக்கு மேல் சில வருஷங்களில் அளவு மீறிச் சாப்பிடுவது, வாந்தி எடுப்பது என்ற வகைக்கு மாறுவதை நீண்டநாள் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் "அவ வாந்தியெல்லாம் எடுக்க மாட்டா" என்று நாலு வருஷத்துக்கு முன் சொன்ன பதில் இன்றைக்குச் செல்லாது. திரும்பக் கேளுங்கள்.

இனி மனசு. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் சுமார் கால் பங்கு போனது. அவர்களுக்கு உடம்பு பற்றிய பயமோ மெலிய வேண்டுமென்ற ஆசையோ இல்லை. இருந்தும் எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் குறிப்புகளைச் சேர்ப்பது, ஒரு தட்டுச் சோற்றை மணிக்கணக்கில் கிளறுவது, எரிச்சல், சோர்வு, ஆட்களை ஒதுக்குவது எல்லாம் வந்தன. உங்கள் அக்கா மகள் இட்லியைப் பன்னிரண்டு துண்டாக்கித் தின்பதும், தான் சாப்பிடாமல் தம்பிக்கு நெய்த் தோசை சுட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பதும், தட்டு இடம் மாறினால் கத்துவதும் பெரும்பாலும் இந்த வகை. மூளையின் சாம்பல் பகுதி பட்டினியில் சுருங்குவது ஸ்கேனில் தெரியும், எடை திரும்பினால் பெரும்பாலும் அதுவும் திரும்பும். எனவே பி.எம்.ஐ. 15-இல் இருக்கும் பெண்ணோடு தர்க்கம் செய்து ஜெயிக்க முயல வேண்டாம். யோசிக்கும் கருவியே பசியில் இருக்கிறது.

வருஷத்தோடு வளர்வது வேறு. முதல் வருஷம் சாப்பிடாமல் இருப்பது ஒரு முடிவு, அதில் ஒரு பெருமையும் இருக்கும். மூன்றாம் நாலாம் வருஷத்தில் அது முடிவாக இருப்பதில்லை, கை தானாகச் செய்யும் பழக்கம். இந்த நோயாளிகள் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மூளையில் பழக்கத்தை இயக்கும் பகுதி வேலை செய்வதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் பழைய நோயாளிகளில் பலர் "எனக்கே இது வேண்டாம், ஆனா விட முடியல" என்பார்கள். ஆரம்ப நோயாளி நோயே இல்லை என்று சாதிப்பாள். இந்த வகையில் பழைய நோயாளியிடம் புரிதல் அதிகம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யலாம். கூடவே இழப்புகளும் சேரும்: காலேஜ் நின்றது, தோழிகள் போனார்கள், கல்யாணப் பேச்சு வீட்டில் சண்டையானது. நோயைத் தவிர அடையாளம் எதுவும் மிஞ்சாதவளிடம் "நோயை விடு" என்றால் எதைப் பிடிப்பாள்? மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இதில் வருகின்றன. இந்த நோயின் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தற்கொலை. அதை நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வராது. அவசரத்துக்கு 14416 டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி எண்), தமிழிலும் பேசலாம்.

"குண்டாகிடுவேன்னு அவ சொல்றதே இல்ல, அப்ப இது அனோரெக்சியாவா?" என்ற சந்தேகமும் உங்கள் கேள்வியில் இருந்தது. ஆகலாம். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகள் குண்டாவது பற்றிப் பேசவே இல்லை, வயிறு உப்புசம், பசியில்லை என்றார்கள். நம் பெண்களும் "வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்றுதான் அதிகம் சொல்வார்கள். அது பொய்யுமில்லை. பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் சரியாகிவிடும்.

சிகிச்சையில் காலத்தின் பங்கு என்ன? லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் 1987 ஆய்வில், 18 வயதுக்குள் நோய் வந்து மூன்று வருஷத்துக்குள் இருந்தவர்களுக்குக் குடும்பத்தை மையமாகக் கொண்ட சிகிச்சை மற்றதைவிட நன்றாக வேலை செய்தது. மூன்று வருஷம் என்ற எல்லையை எல்லோரும் சொல்வது அதனால்தான். அது அந்த ஒரு சிகிச்சை முறைக்கான கண்டுபிடிப்பு, நோயாளியின் தலையெழுத்து இல்லை. 2002-இல் ஸ்டைன்ஹவுசன் என்ற ஆய்வாளர் 119 ஆய்வுகளைத் தொகுத்தபோது ஏறக்குறைய பாதிப்பேர் முழுக்கக் குணம், மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம், ஐந்தில் ஒரு பங்கு நீடித்த நோய் என்று வந்தது. பாஸ்டனில் 2017-இல் வெளியான ஆய்வு இன்னும் பயனுள்ளது: 9 வருஷத்தில் 31 சதவீதம் பேர்தான் குணமாகியிருந்தார்கள், 22 வருஷத்தில் அதே கூட்டத்தில் 63 சதவீதம். நாலு வருஷம் என்பது தாமதம்தான், முடிவு இல்லை. பழைய நோய் என்று கைவிடும் பேச்சு பொதுவாக ஏழு வருஷம் தாண்டியவர்களைப் பற்றித்தான் எழும், அவர்களிலும் மீண்டு வந்தவர்கள் உண்டு.

19 வயதுக்குப் பேச்சு சிகிச்சை அவளோடு தனியாக நடக்க வேண்டும். இந்த நோய்க்கென்றே உள்ள சி.பி.டி. (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) எடை குறைந்தவர்களுக்குச் சுமார் 40 அமர்வு, பத்து மாதம் ஆகும். ஆனால் வீட்டார் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். வேலூருக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு: பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது 1950-களிலிருந்தே வழக்கம். மனச்சோர்வு மாத்திரைகள் இவ்வளவு குறைந்த எடையில் பெரிதாக வேலை செய்வதில்லை, சாப்பாட்டுக்குப் பதிலாக அவற்றை நம்ப வேண்டாம்.

மிக ஆபத்தான காலம் சாப்பிட ஆரம்பிக்கும் முதல் பத்து நாள். நீண்ட பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் எழும், பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் பாயும். பாஸ்பேட் விழுந்தால் இதயமும் மூச்சுத் தசையும் தடுமாறும். பி.எம்.ஐ. 16-க்குக் கீழே இருப்பதே இந்த ஆபத்துக்குப் போதுமான காரணம், உங்கள் பெண் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறாள். "பொண்ணு வாடிப்போயிருக்கா" என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது இந்த நிலையில் செய்யக்கூடாத முதல் காரியம். தயமின் (வைட்டமின் பி1) கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கும் கேடு. சாப்பாடு கூட்டுவதற்கு முன்பே தயமின் தொடங்க வேண்டும். முதல் வாரம் தினமும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்க வசதியுள்ள இடம் வேண்டும், சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ. எத்தனை கலோரியில் தொடங்குவது என்பதை அந்த டாக்டர் முடிவு செய்யட்டும். மிகக் குறைவாகக் கொடுத்து எடையை மேலும் இறக்குவதும் சமமான தவறு. இந்த நாட்களில் கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், குழப்பமாகப் பேசினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதன் பிறகு வீட்டில் வாரம் அரை கிலோ ஏறினால் நல்ல வேகம். அதற்கு உடம்பின் செலவுக்கு மேல் தினம் சுமார் 500 கலோரி வேண்டும். வளர்சிதை மாற்றம் விழித்துக்கொள்வதால் சில வாரத்தில் அதே சாப்பாட்டுக்கு எடை நின்றுபோகும். யாரும் ஏமாற்றவில்லை, அளவைக் கூட்ட வேண்டும். களி, கூழ், கீரை போன்றவை வயிற்றை நிரப்பும், கலோரி குறைவு. இந்தச் சமயத்துக்கு அளவு சிறிதாக, சத்து அடர்த்தியாக வேண்டும். நம் ஊர் வேர்க்கடலை 100 கிராமில் சுமார் 560 கலோரி. சாம்பாரிலோ பொரியலிலோ சேரும் ஒரு மேஜைக்கரண்டி நல்லெண்ணெய் 120. கொழுப்பு எடுக்காத பால் ஒரு டம்ளர் 130 முதல் 180, அதோடு பாஸ்பேட்டும் சேர்கிறது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று முறை சிறுதீனி, தட்டில் போடுவது அவளில்லை, உங்கள் அக்கா. எண்ணெயை ஒளித்துச் சேர்க்காதீர்கள், ஒருமுறை கண்டுபிடித்தால் வீட்டில் எதையும் நம்பமாட்டாள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கூடவே இருக்க வேண்டும். அப்போது எடை, கலோரி, "கன்னம் நல்லா வந்திருக்கு" போன்ற பேச்சு வேண்டாம். கன்னத்தைப் பற்றிய அந்தப் பாராட்டு அவள் காதில் குண்டாகிவிட்டாய் என்றே விழும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை: படுத்தும் நின்றும் நாடி, அழுத்தம், ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தைக் காட்டும் அளவு), பாஸ்பேட்டும் மெக்னீசியமும் (வழக்கமான பரிசோதனையில் இவை பெரும்பாலும் சேராது, கேட்டு எழுதி வாங்க வேண்டும்), டெக்ஸா, வைட்டமின் டி. எடை ஏறிய பிறகும் மாதவிடாய் திரும்ப ஆறு மாதம் வரை ஆகலாம், அதற்குள் மாத்திரை கேட்டு அலைய வேண்டாம். ஒரு தடவை டெக்ஸா எடுத்து ஒரு வருஷம் ஆவதற்குள் அதைத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வருஷம்தான் எடை திரும்ப இறங்க அதிக வாய்ப்புள்ள காலம். அதனால் நன்றாக இருக்கிறாள் என்று தோன்றினாலும் அந்த வருஷம் முழுக்க மாதாந்திரப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.